பகலிலும் எரிந்த விளக்குகள்

பெரிய காஞ்சிபுரத்தில் என் மாவு மில் இருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் என் கதையைச் சொல்லுவார்கள். நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். முசரவாக்கத்திலிருந்து கட்டிய வேட்டியோடு லாரி ஏறியவன். திரும்பி வந்தபோது மோட்டாரைப் பற்றி எஞ்சினீயருக்குச் சமமாகப் பேசத் தெரிந்தவன். பத்துக் குதிரை மோட்டார், மாவுக்கு ஒரு கல், மிளகாய்க்குத் தனியாக ஒரு மிஷின், பின்னால் வீடு, மாடியில் ஒரு அறை, எல்லாம் என் கையால் வந்தவை. எனக்குப் பாட்டன் சொத்து என்று இருந்தது ஒரு மண்வெட்டி. அதற்கும் காம்பு கிடையாது.

ஆனால் என்னுடைய பெரிய பெருமை மில் இல்லை. நீலகிரி மலையில் ஓர் அணை இருக்கிறது. அறுபதுகளில் அதைக் கட்டியபோது பாறை உடைத்தவர்களில் நானும் ஒருவன். அணையின் பெயர் இங்கே வேண்டாம். எழுதினால் எவனாவது வேலையில்லாமல் போய்த் தேடுவான். அந்த அணைத் தண்ணீர் நாங்கள் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, ஆள் நின்று நடக்கக்கூடிய குழாய்களில் மலைச்சரிவில் இறங்கி, கீழே பவர்ஹவுஸில் சக்கரத்தைச் சுற்றும். அங்கிருந்து கம்பி ஏறி, ஊர் ஊராகத் தாண்டி வந்து என் மோட்டாரைச் சுற்றும். மில்லுக்குப் புதிதாக யார் வந்தாலும் ஸ்விட்சைப் போடும்போதே சொல்லிவிடுவேன்.

"தோ சுத்துது பாரு. இது நான் ஒடைச்ச மலைத் தண்ணி."

மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வரும் வயர்மேனுக்கு இது பிடிக்காது. "பெரியவரே, கரண்டு எல்லாம் ஒரே கம்பியில கலந்து வருது. நெய்வேலிக் கரி, கல்பாக்கம், மலைத்தண்ணி எல்லாம் ஒண்ணாதான் வருது. அதுல உன்னுது எதுன்னு எப்படிக் கண்டுபுடிப்ப?" என்பார்.

"சாம்பாருல எது என் வூட்டுப் பருப்புன்னு எனக்குத் தெரியும். நீ மீட்டரைப் பாரு," என்பேன்.

வீட்டிலும் இதே பேச்சுதான். மகன்கள் இருவரும் பள்ளிக்கூடம் போன காலத்தில் விளக்கை அணைக்காமல் எழுந்து போவார்கள். "ஒரு பல்பு ஒரு மணி நேரம் எரிஞ்சா என் டேமுல ஒரு குடம் தண்ணி போவுதுடா," என்று கத்துவேன். அந்தக் குடக் கணக்கு நானே போட்டது. யார் போய் அளக்கப் போகிறார்கள் என்ற தைரியம். என் மனைவி எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வருவாள். அவள் அந்தக் குடத்தை மனதில் வைத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் அவளுக்குப் பாதிப் பங்கு என்றால் குறைத்துச் சொல்வதாகும். நான் அரைப்பேன், அவள் சலித்து டின்னில் கொட்டுவாள். ஒருவருடைய மாவு இன்னொருவர் டின்னுக்கு ஒரு நாளும் மாறியதில்லை. அணையில் அவளும் ஜல்லி சுமந்தாள். பேச்சு ரொம்பக் குறைவு. நான் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் இன்னொருவரும் பேசினால் ஓடு பறந்துவிடும் என்று தறிக்காரர் சொல்லுவார்.

தறிக்காரர் என்றால் அடுத்த தெருவில் பட்டு நெய்பவர். எங்கள் ஊரில் கல்லெறிந்தால் தறிக்காரர் வீட்டில்தான் விழும். ஆனாலும் என் மில்லில் அந்தப் பேர் அவர் ஒருவருக்குத்தான். தறியை விட்டு எழுந்தால் நேரே என் மில் வாசலுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நான் காசு போட்டு வாங்கிய பேப்பரை எனக்கு முன்னால் படிப்பார். மின்சாரம் நின்றால் அவருக்குக் கொண்டாட்டம்.

"இன்னாப்பா, உன் டேமு தூங்கிடுச்சா?"

"வரும், வரும்."

"எனக்குப் பரவால்லப்பா. என் தறிக்கு உன் டேமும் வேணாம், கம்பியும் வேணாம். தோ, ரெண்டு காலு இருக்குது."

அரிசி டின்னோடு நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படிச் சிரிக்க முடிந்தது. போன மின்சாரம் அரிசி ஊறுவதற்குள் வந்துவிடும்.

அப்புறம்தான் முறை மாறியது. மலையில் என்னோடு பாறை உடைத்த கூட்டாளி ஒருவன் அங்கேயே ஒரு மலைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அணையில் காவல் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என் மில்லுக்கு எதிரில் இருக்கும் எஸ்.டி.டி. கடைக்குப் போன் செய்வான். கடைக்காரர் கைதட்டிக் கூப்பிடுவார், நான் மாவுக் கையோடு ஓடுவேன். முதலில் எல்லாம் நலம் விசாரிப்புதான். வருஷங்கள் போகப் போக அவன் பேச்சில் மழை மட்டும்தான் இருந்தது.

"மச்சான், மழை வராம இல்ல. வருது. ஆனா அதுக்கு முறை தெரியல. வர வேண்டிய மாசத்துல எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குது. அப்பால ஒரு நாள் வந்து மொத்தத்தையும் ரெண்டு ராத்திரியில கொட்டிட்டுப் போவுது. டேமு புடிச்சி வெக்கறதுக்குள்ள ஷட்டரைத் தொறந்து வுட வேண்டியதாப் போவுது. வரதுலயும் பாதி சேறு."

நான் அங்கே இருந்தபோது மழை அப்படி இல்லை. ஆனி மாதம் பிறந்தால் வந்து இறங்கும். இடி கிடையாது, ஆர்ப்பாட்டம் கிடையாது. வாரக்கணக்கில் பெய்யும். துணி காயாது, விறகு பற்றாது, சுவரில் பாசி பிடிக்கும். அந்த மழையை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அதுதான் அணைக்கு ஆகும் மழை. மலைமேட்டுப் புல்வெளி அதைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்று வெயில் வந்த பிறகும் பங்குனி வரைக்கும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அணையில் தண்ணீர் கட்டுவதும் அதிலிருந்து மின்சாரம் எடுப்பதும் அந்தப் பொறுமையை நம்பித்தான். ஒரே நாளில் கொட்டுகிற மழையைப் பவர்ஹவுஸ் என்ன செய்யும்? பூமி சூடாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று இப்போது பேப்பரில் போடுகிறார்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அது முதலில் தெரிந்தது மோட்டார் சத்தத்தில். அழுத்தம் குறைந்த மின்சாரத்தில் மோட்டார் சுமை தூக்க முடியாத கிழவன் மாதிரி முனகும். கல் சூடேறி மாவில் தீய்ந்த வாசம் வரும். இடியாப்பத்துக்கு அரைக்க வந்தவர்கள் முகர்ந்து பார்த்து என் முகத்தைப் பார்ப்பார்கள். என் மில்லில் அரைத்த மாவை அதற்கு முன் ஒருவரும் முகர்ந்து பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு தொடர்ந்து சில வருஷங்கள் மலையிலும் மழை இல்லை, இங்கேயும் இல்லை. பாலாறு மணலாகவே கிடந்தது. கோயில் குளங்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். மழை வேண்டி ஜபம் செய்யும் அர்ச்சகர்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். குளத்தில் தண்ணீர் இல்லாததால் பெரிய பித்தளை அண்டாக்களைக் கொண்டுவந்து வைத்து, லாரித் தண்ணீரை நிரப்பி, அதற்குள் உட்கார்ந்து ஜபம் செய்தார்கள். தெருவே திரண்டு போய்க் கும்பிட்டது. நானும் போனேன். மழைக்காகக் கும்பிட்டவர்களில் என்னளவுக்கு அக்கறை இருந்தவன் வேறு யார்? ஒரு நாளில் பாதி நேரம் மில் நின்று கிடந்தது. என் மனைவி மட்டும் வரவில்லை. அன்னதானத்துக்கு ஒரு டின் மாவு கொடுத்தனுப்பினாள், அவ்வளவுதான். முட்டி வலி என்று நினைத்தேன்.

அந்த வெயில் காலத்தில்தான் விளக்குகள் எரியத் தொடங்கின.

ஒரு நாள் உச்சி வெயிலில் சாப்பிட உள்ளே போனேன். சமையலறை பல்பு எரிந்தது. கூடத்தில் டியூப் லைட். படுக்கும் அறையில் ஆளில்லாமல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குளியலறையில் விளக்கு, மாடியில் விளக்கு.

"இன்னாமே, சூரியனுக்கே டார்ச்சு அடிக்கறியா?"

"மறந்துட்டேன்," என்றாள்.

அணைத்தேன். மறுநாள் மறுபடி எல்லாம் எரிந்தன. அதற்கு மறுநாளும். வாழ்நாள் முழுவதும் விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் இருட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்தவள் இவள். நான் திட்டினேன், கெஞ்சினேன், ஸ்விட்சுக்கு மேல் நானே கரிக்கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மின்சாரம் நின்ற நேரத்திலும் அவள் ஒவ்வொரு அறையாகப் போய் ஸ்விட்சுகள் போட்டபடி இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பதைக் கண்டேன். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து மின்சாரம் வருவதற்காகக் காத்திருப்பாள். அந்தத் தெருவில் என்னைவிட அதிகமாக மின்சாரத்துக்குக் காத்திருந்தது அவள்தான்.

வயர்மேன் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னா பெரியவரே, வூட்டு மீட்டரு மில்லு மீட்டரைப் புடிச்சிடும் போலருக்குதே. பொண்ணுக்குக் கல்யாணமா?"

எனக்குப் பெண் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் போகிறது என்று மகன்களிடம் சொன்னேன். ஏனாத்தூர் கல்லூரியில் படித்த சின்னவன் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றான். அவள் அவனைப் பார்த்து, "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுடா," என்றாள்.

பிறகு ஒரு நாள், மிளகாய் அரைக்கும் நாள். மிளகாய் அரைக்கும்போது தறிக்காரர் வாசலுக்கு வெளியே ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டு மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வார். அப்போதும் பேப்பரை விடமாட்டார். மோட்டார் இழுத்து இழுத்து நின்றது. மின்சாரம் போய்விட்டது. துண்டை இறக்கிவிட்டு அவர் ஆரம்பித்தார்.

"இன்னிக்கிப் பேப்பரப் பாத்தியாப்பா? உன் டேமுப் படத்தப் போட்டிருக்கான். தண்ணி வத்தி அடி மண்ணு தெரியுதாம். அங்க மாடு மேயுதாம்."

"பேப்பர்க்காரன் ஆயிரம் போடுவான்."

"அடுத்த வாரம் நீ அதுல கடலை போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். கையெல்லாம் மிளகாய்ப் பொடி. வந்தவள் நேரே தறிக்காரர் முன்னால் போய் நின்றாள். மற்ற ஆண்களோடு அவள் அதிகம் பேசமாட்டாள்.

"எந்தப் பக்கத்து மண்ணு தெரியுதாம்ணா? ஓடைப் பக்கமா, எங்க கொட்டாப் பக்கமா?"

தறிக்காரர் அவளைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். "அதெல்லாம் போடலியேம்மா. மண்ணுன்னா மண்ணுதான்."

மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மிஷினின் மூடியைப் பிடித்தபடி நின்றேன். பகலில் எரிந்த விளக்குகள் எதற்காக எரிந்தன என்று எனக்கு அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். அணை வேலை நடக்கும்போது, தகரக் கொட்டகையில் பிறந்தவள். மூன்றாவது மாதம் ஊருக்கு வந்து குலதெய்வத்துக்கு முன்னால் பேர் வைக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம். அதனால் அவளுக்குப் பேர் இல்லை, பாப்பாதான். தகரக் கொட்டகையில் ராத்திரி பனி உள்பக்கமே சொட்டும். மார்கழிக் குளிரில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கம்பவுண்டர் தந்த மருந்து தொண்டையில் இறங்கவில்லை. விடியும்போது முடிந்துவிட்டது.

எங்களில் அத்தனை சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். பேர் வைக்காத பிள்ளைக்குக் காரியம், திதி எதுவும் கிடையாது. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பாறை இருந்தது. அதன் காலடியில் புதைத்தோம். கூட்டாளிதான் குழி வெட்டினான். ஊரிலே என்றால் வீட்டுச் சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம் இருக்கும். இங்கே சுவர் ஏது? நான் மேஸ்திரியிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு பாறைக்குத் துளை போடும் மிஷினை வாங்கிக்கொண்டு வந்தேன். பாறையின் பக்கவாட்டில் நெருக்கமாகத் துளைகள் போட்டு, இடையில் இருந்ததை உளியால் தட்டி எடுத்து, ஓர் அகல் உட்காரும் அளவுக்கு ஒரு மாடம் குடைந்தேன். காற்று அடித்தாலும் அணையாது. அந்த மலையில் என்னைப் போல் பாறையில் கை வைக்கத் தெரிந்தவன் இல்லை. ஆயிரம் அடி சுரங்கம் குடைந்ததைவிட அந்த ஒரு சாண் மாடத்தை நான் நன்றாகக் குடைந்தேன்.

அவள் சாயங்காலம்தோறும் போய் விளக்கேற்றினாள். அணை முடிந்தது. மந்திரி வந்தார், மாலைகள் போட்டார்கள், நானும் கைதட்டினேன். மழைக்காலம் வந்ததும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஓடை காணாமல் போனது, கொட்டகை இருந்த இடம் போனது. பாறையைச் சுற்றித் தண்ணீர் வந்த பிறகும் அவள் முட்டியளவில் இறங்கிப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். ஒரு நாள் போக முடியவில்லை. கரையில் நின்று பார்த்தோம். மறுநாள் பார்க்கவும் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. நான் அணையைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசினேன். அவள் மாவு சலித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மில்லைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். எல்லா விளக்கும் எரிந்தன. நான் எதையும் அணைக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பல்பு எரிஞ்சா ஒரு கொடம் தண்ணி போவும்னு நீதான சொன்ன," என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"சொன்னேன்."

"ஊரே மழைய வேண்டிக்கினு இருக்குது. நான் போயி தண்ணி வத்தணும்னு சாமியக் கேக்க முடியுமா? கேட்டா பாவம். உன் மில்லும் நின்னு கெடக்குது. அதான் சாமியக் கேக்கல. என்னால முடிஞ்சத நானே செய்றேன்."

"இன்னாத்துக்கு?"

"ஒரு தபா ஏத்திட்டு வந்துட்டா போதும். அந்த மாடத்துல. அப்பால அந்தச் சாமி எவ்ளோ தண்ணி வேணா ரொப்பிக்கட்டும்."

வயர்மேன் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எல்லா மின்சாரமும் ஒன்றாகக் கலந்துதான் வருகிறது, நம் வீட்டுப் பல்பு எந்த அணையைக் குடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று. அதற்குப் பதில் எதிர்க்கடைக்குப் போய் கூட்டாளிக்குப் போன் போட்டேன். கொட்டகை இருந்த இடம் வெளியே வந்துவிட்டது, பாறையைப் பற்றித் தெரியாது, வந்து பார்த்துக்கொள் என்றான்.

இரண்டு பேரும் கிளம்பினோம். மில்லுக்கு விடுமுறை என்று பலகை மாட்டியது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு துணிப்பையில் அகல், எண்ணெய் பாட்டில், திரி, தீப்பெட்டி எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்திருந்தாள். மலை ஏறும்போது குளிரும் என்று நான் சால்வை வாங்கி வைத்திருந்தேன். குளிரவில்லை. அந்தக் காலத்தில் குளிரில் நாங்கள் வாயால் புகை விட்டு விளையாடிய வளைவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனோம்.

கூட்டாளி கரையில் காத்திருந்தான். கிழவனாகிவிட்டான். அவன் என்னையும் அப்படித்தான் நினைத்திருப்பான். மூன்று பேரும் அணைக்குள் இறங்கினோம். நான் கட்டிய அணைக்குள் செருப்போடு நடந்து போவேன் என்று நினைத்ததில்லை. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கொட்டகைகளின் அடித்தளம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. சமையல் கொட்டகை அடுப்புக் கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவள் அந்த அடுப்பின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று, திசை பார்த்து, எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். நாற்பது வருஷத்துக்கு முன் நடந்த வழி. தடுமாறவே இல்லை.

மீதி இருந்த தண்ணீர் ஒரு ஏரி அளவுக்குப் பள்ளத்தில் கிடந்தது. அதன் நடுப்பக்கத்தில், கரையிலிருந்து ஒரு தெரு தூரத்தில், பாறையின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு கொக்கு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. மாடம் அதற்குக் கீழே, தண்ணீருக்குள்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப் போனாள். கூட்டாளி குறுக்கே நின்றான்.

"வாணாம்மா. அது தண்ணி இல்ல, சேறு. போன வருஷம் இறங்கின எருமையையே இழுத்துடுச்சி."

"இன்னும் கொஞ்சம் இறங்குனா நடந்து போயிடலாமா?"

"மேல காஞ்சிட்டா போலாம்."

"எத்தினி நாளு ஆவும்?"

கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் அப்போதுதான் எதிர்ச்சரிவைப் பார்த்தேன். அங்கே நாங்கள் குடைந்த சுரங்கத்தின் வாய் தெரிந்தது. குப்பை உள்ளே போகாமல் இருக்கப் போட்ட இரும்புக் கம்பிகள் துருவேறி, வெயிலில் காய்ந்து நின்றன. தண்ணீர் வெயிலில் வற்றி அந்த வாய்க்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பவர்ஹவுஸ் நின்று நாளாகிவிட்டது என்று கூட்டாளி மெதுவாகச் சொன்னான். இனி ஒரு சொட்டும் சுரங்கத்துக்குள் போகாது. அந்த வாய்க்குக் கீழே இருக்கும் தண்ணீரை எந்த ஊரும் எந்தப் பல்பும் எடுக்க முடியாது. அது அடியிலேயே கிடக்கிற தண்ணீர். எங்கள் பாறை அதற்குள் இருந்தது. சுரங்கத்தின் வாயை எந்த உயரத்தில் வைப்பது என்று எஞ்சினீயர்கள் கயிறு பிடித்தபோது அந்தக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

"கொஞ்ச நாளு ஆவும்," என்றேன் நான்.

அவள் தலையாட்டினாள். கரையிலாவது ஏற்று என்று கூட்டாளி சொன்னான். அவள் பையைத் திறக்கவில்லை. "அவ எடத்துல ஏத்திக்கறேன்," என்றாள்.

கூட்டாளி வீட்டில் அவன் மனைவி ஊற்றித் தந்த டீயைக் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். நான் அவளிடம் சுரங்கத்தின் வாயைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். வீட்டில் விளக்குகள் எரிந்தன. அவள் மறந்த நாளில் மாடி விளக்கை நானே போய்ப் போட்டேன். கரிக்கட்டிப் பெருக்கல் குறிகளை ஈரத் துணியால் துடைத்தேன். வயர்மேன் கேட்டபோது, "என் தண்ணி, நான் எரிக்கறேன், உனுக்கு இன்னா?" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

மழை வந்தது. வர வேண்டிய மாதத்தில் இல்லை. எல்லோரும் அந்த வருஷத்தைக் கைகழுவிய பிறகு, ஐப்பசி முடியும்போது மலையில் இரண்டு மூன்று நாள் வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. பாதைகள் சரிந்தன. எதிர்க்கடைக்காரர் கைதட்டினார், ஓடினேன். கூட்டாளியின் குரல் மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"ரொம்பிடுச்சி மச்சான். ஒரே அடியா ரொம்பிடுச்சி. ஷட்டர் எல்லாம் தொறந்துட்டாங்க. புடிச்சி வெக்க எடமில்ல, அத்தினியும் வீணாப் போயிக்கினு இருக்குது."

நான் மில்லுக்குத் திரும்பியபோது தறிக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூறலில் வந்து நின்றார். வழக்கமான கேலியை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"டீவியில காட்டனாம்பா. உன் டேமுதான். ஷட்டருல தண்ணி கொட்டறதப் பாக்கணுமே. இன்னிக்கி டீ உன் செலவு."

வரிசையில் நின்ற எல்லோருக்கும் டீ சொன்னேன். என்னிடம் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். மோட்டார் முனகாமல் ஓடியது. மின்சாரம் நிற்கவே இல்லை. மழைக்குப் பயந்து தெருவில் தறி நூலை நீட்டிப் பாவு இழுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண், "இனி மூணு மாசத்துக்குக் கரண்டு போவாது, இல்லண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கல்லில் அரிசியைக் கொட்டிவிட்டு உள்ளே போனேன். மேகம் மூடி, பகலிலேயே கூடம் இருட்டாக இருந்தது. விளக்கு தேவைப்பட்ட ஒரே பகல் அது. என் மனைவி ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு வந்தாள். சமையலறை, படுக்கும் அறை, குளியலறை. மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய் அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். மின்விசிறி சுற்றி ஓயும்வரை கீழே நின்று பார்த்தாள்.

அகலும் திரியும் இருந்த துணிப்பை ஆணியில் தொங்கியது. அதை எடுத்து அலமாரியின் உள்ளே, பழைய புடவைகளுக்குப் பின்னால் வைத்தாள்.

"அடுத்த வெயிலுக்கு மறுபடி இறங்கும்மே," என்றேன். "போலாம்."

"இறங்கும்," என்றாள். "அந்தச் சொரங்க வாய் வரிக்கும் இறங்கும். அவ அதுக்குக் கீழ இருக்கறா. எத்தினி லைட்டு போட்டாலும் அதுக்குக் கீழ போவாது. உன் சேக்காளி பொண்டாட்டி அன்னிக்கே டீ ஊத்திக்கினே சொன்னா."

படியில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சிக்கினா இத்தினி மாசமா எரிய வுட்ட?"

"சும்மா இருக்கச் சொல்றியா?"

முறத்தை எடுத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள், முன்பெல்லாம் செய்த மாதிரி. மில்லில் தறிக்காரர் எதையோ சொல்ல, எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அரிசி தீர்ந்து கல் வெறுமனே சுற்றும் சத்தமும் கேட்டது. எழுந்து போய் நிறுத்தினேன்.